போனவர் திரும்பி வந்தால்

முன்னொரு காலத்தில் நம் நாட்டில் ஊழியஞ் செய்து சென்ற மேல்நாட்டு மிஷனரிமார், முதுமையில் ஒரு முறையேனும் திரும்பி வந்து பழைய நண்பர்களைக் காண விழைதல் இயல்பு. முன்பெல்லாம் அவ்வாறு வருவோர் கொழும்பில் ஓரிரவு தங்கி, மறுநாளே யாழ்ப்பாணத்துக்கு இரயிலேறிவிடுவர். இப்பொழுதோ அவர்கள் தேடி வரும் பழைய மாணாக்கருள் ஒரு பகுதியினர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருக்கின்றனர். இன்னொரு பகுதியினர் இலண்டனிலும் தொறன்றோவிலும் உளர். ஆதலால் காலி வீதியை அண்டிய ஏதேனுமொரு மாடி வீட்டிலேயே சந்திப்பு நிகழ்ந்து விடுகிறது. தேநீர் வரும், பலகாரம் வரும், நிழற்படம் எடுக்கப்படும். “என்னை நினைவிருக்கிறதா?” என்று இரு திறத்தாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வர். இரண்டு மணித்தியாலத்திற் கூட்டங் கலையும்.

இதிற் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், திரும்பி வருதல் என்ற சொல்லுக்கு இதனினுங் கனமான பொருளொன்று இந்நாட்டில் ஒரு காலத்தில் இருந்தது.

1815ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிபோட் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட ‘டிரையட்’ என்னுங் கப்பல், 1816 மார்ச் 22ஆந் திகதி கொழும்பை அடைந்தது. ஐந்து மாதக் கடற்பயணம்! அதில் வந்திறங்கியவருள் ஒருவர் டானியேல் பூவர். தெல்லிப்பழையிற் பணி தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபராகிய அவர், பின்பு மதுரைக்குச் சென்று அங்கே பாடசாலைகள் பல நிறுவி, 1841இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டார். 1848இல் தாய்நாடு சென்றார். அறுபதை எட்டிய கிழவர் அங்கேயே தங்கிவிட்டிருந்தால் எவர்தாம் குறை கூறியிருப்பர்? ஈராண்டளவில் மறுபடியுங் கப்பலேறி வந்தார். 1855இல் மானிப்பாயில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. உடுவில் மகளிர் பாடசாலையின் எலைசா அக்னியூ அம்மையாரின் கதை வேறு. 1840இல் வந்த அவர், 1883இல் இம்மண்ணிலேயே மறையும்வரை ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குப் போனாரில்லை. திரும்பி வருதல் என்ற பேச்சே அவருக்கு எழவில்லை.

நிற்க. இன்று நாம் சொல்ல எடுத்துக்கொண்டது மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் வரலாறு. 1847இல், இருபத்தைந்து வயது இளைஞராக யாழ்ப்பாணம் வந்தவர் அவர். மறு ஆண்டிலேயே மானிப்பாயில் நிலைகொண்டு, நோயாளரைப் பார்ப்பதோடு அமையாது, உள்ளூர் இளைஞரைச் சேர்த்து மேல்நாட்டு மருத்துவங் கற்பிக்கவுந் தொடங்கினார். போதனை ஆங்கிலத்தில் நடந்தது. பத்தாண்டு உழைப்பில் உடல்நலங் குன்றவே, 1857இல் அமெரிக்கா சென்றார்.

அவர் திரும்பி வந்தது 1862இல். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டிருந்த வேளை அது. புதிதாக மணந்த மனைவியாருடன் மானிப்பாய்க்கு வந்து சேர்ந்த அவர், விட்ட இடத்திலிருந்து தொட்டுக்கொண்டார் என்று நினைத்தல் வேண்டா. 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்து, தாமே வகுத்த பழைய முறையைத் தாமே மாற்றினார்.

காரணம் எளியது. ஆங்கிலத்திற் கற்றுத் தேறியோர் அரசாங்க உத்தியோகத்தையும் நல்ல சம்பளத்தையும் நாடி வெளியூர்களுக்குப் போயினர். கிராமத்தவர்க்கு வைத்தியர் வேண்டும் என்றுதானே இத்தனை பாடும்? தமிழிற் படித்தவர் தமிழரிடையே தங்குவர் என்பது கிறீனின் கணக்கு. கிறிஸ்தவராயினும் தம் மாணாக்கர் உடையிலும் நடையிலும் இந்நாட்டவராகவே இருத்தல் வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். மிஷன் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்களையே சூட்டிவந்த காலத்தில் இஃது அரிய கொள்கை.

மாணாக்கர் இதனை மகிழ்ந்து ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. ஆங்கிலம் அக்காலத்திற் சோறு போடும் பாஷை. அதனை விட்டு வா என்று ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையிடம், நல்ல ஆங்கிலம் பேசும் ஒரு துரை சொல்வது எளிது, கேட்பது எளிதன்று. அந்தப் பிள்ளைகளின் முணுமுணுப்பிலும் நியாயம் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. 1870இற் கொழும்பில் அரசினர் மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டபோது, அங்கே போதனாமொழி ஆங்கிலமே. ஆயினும் கிறீன் பின்வாங்கவில்லை. இரு காலப் பகுதிகளிலுமாக 60க்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர்.

பாடஞ் சொல்லப் புத்தகம் வேண்டும். புத்தகம் எழுதச் சொல் வேண்டும். இங்கேதான் அம்மனிதரின் பொறுமை தெரிகிறது. தமிழிற் சொல் உண்டா என்று முதலிற் பார்ப்பது. இல்லையேல் வடமொழியிற் பார்ப்பது. அங்கும் அகப்படாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு இசையத் திருத்திக்கொள்வது. உடற்கூறு ‘அங்காதிபாதம்’ ஆயிற்று. உடலின் தொழிற்பாடு ‘சுகரணம்’ ஆயிற்று. இரசாயனத்துக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர்! இதைப் படித்துச் சிரிப்போர் சிரிக்கலாம்; இன்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் எத்தனை இதைவிட அழகியவை? மாணாக்கர் மொழிபெயர்ப்பர், ஆசிரியர் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவர். இவ்வாறு ‘இரண வைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ இரண்டும் 1872இல் வந்தன.

அவர் வந்ததன் நோக்கம் மதம் பரப்புதலே என்று சைவ வாசகர் நினைவூட்டுவர். உண்மை, அவரும் அதனை ஒருபோதும் ஒளித்தாரல்லர். எனினும் காலில் வெட்டுக்காயத்தோடு வந்தவனுக்கு இரணவைத்தியம் பொதுவானது.

1873இல் உடல் மறுபடியுந் தளர, கிறீன் மானிப்பாயை விட்டு நீங்கினார். இம்முறை திரும்பி வரக் கூடவில்லை. மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில், கிறீன் ஹில் என்னுங் குடும்ப மனையில் தங்கினார். அவருடைய தமையனார் அந்துரூ கிறீன், நியூயோர்க் நகரத்துச் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கியோருள் முதன்மையானவர். அண்ணன் மாநகரம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்க, தம்பி பனி பெய்யும் மலைவீட்டிலிருந்து தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பழைய மாணாக்கர் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவர். அவர் அங்கிருந்து விடையெழுதுவர். பழைய நட்பைப் பேணுதற்கு அவர்கள் கண்ட வழி, ‘இந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் பொருந்தும்?’ என்று கடல் கடந்து வாதாடுவதாக இருந்தது. ‘கெமிஸ்தம்’ 1875இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் அச்சேறின.

அவர் போனபின் தமிழில் மருத்துவங் கற்பிக்கும் வழி நெடுந்தூரஞ் செல்லவில்லை. உத்தியோகமும் அரசாங்க அங்கீகாரமும் ஆங்கிலத்தின் பக்கமே நின்றன. கல்வி எப்பொழுதும் அப்பக்கஞ் சாய்வதுதானே? மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை மட்டும் இன்றும் இருக்கிறது. நூல்களோ பழஞ்சுவடிகளைப் பேணுவோரின் அலுமாரிகளில் இருக்கின்றன.

தமக்குக் கல்லறைக் கல் நாட்டப்படின், தமிழருக்கு ஊழியஞ் செய்த மருத்துவர் என்பது அதிற் பொறிக்கப்பட வேண்டும் என்று கிறீன் எழுதி வைத்திருந்தார். 1884 மே மாதத்தில் அவர் காலமானார். வூஸ்ரரில் அவ்வாறே பொறித்தனர். ‘இந்து பதார்த்த சாரம்’ என்னும் அவருடைய மருந்து நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.