உடம்பு யாருடையது?

அடி அண்ணாமலையில் ஒரு பெண்ணுக்கு வயிற்று நோய் என்று வைத்துக்கொள்ளுவோம். திருவண்ணாமலைக்கோ, அதற்கப்பாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். ஆப்பரேஷன் என்றதும் ஒரு காகிதம் நீட்டப்படுகிறது. கையெழுத்துப் போடப் புருஷனைத் தேடுகிறார்கள். அவனில்லாவிட்டால் அண்ணனை, மாமனாரைத் தேடுகிறார்கள். எதை அறுப்பார்கள், ஏன் அறுப்பார்கள் என்று அறுபடப் போகிறவளை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. மந்திரத்திற்கு அர்த்தம் கேளாமல் தட்சணை கொடுத்துப் பழகியவர்கள், டாக்டர் காகிதத்திற்கும் அர்த்தம் கேளாமல் கைநாட்டு வைப்பதில் ஆச்சரியமென்ன?

இவ்வழக்கம் சட்டத்திற்கு விரோதமென்று சுப்ரீம் கோர்ட் 2008-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதியே தீர்ப்பளித்திருக்கிறது. 1995 மே மாதத்தில் டில்லியில் 44 வயதுள்ள, மணமாகாத ஒரு பெண், மாதவிடாய் நில்லாததற்காக ஒரு டாக்டரிடம் போனார். குழாய் விட்டுச் சோதித்துப் பார்க்க மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. அவர் மயங்கிக் கிடக்கையில், வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்து விட்டார்கள். அவர் 25 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கேட்டார். தேசிய நுகர்வோர் கமிஷன் 2003-ல் வழக்கைத் தள்ளிற்று. சுப்ரீம் கோர்ட்டோ, சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதமாகாது. வயது வந்த, புத்தி தெளிந்த பெண்ணுக்காகத் தாயாரும் சம்மதிக்க முடியாது. உயிருக்கு உடனே ஆபத்து இருந்தாலன்றிக் காத்திருக்கத்தான் வேண்டுமென்று சொல்லிற்று.

"மறுபடி ஒரு ஆப்பரேஷன் வேண்டாமென்று நல்லெண்ணத்தோடு செய்தோம்" என்று டாக்டர்கள் சொல்லலாம். நல்லெண்ணம் இருக்கட்டும். அந்த நல்லெண்ணத்தை உத்தேசித்துத்தான் கோர்ட்டும் 25,000 ரூபாய் மாத்திரமே கொடுக்கச் சொல்லி, டாக்டர் தமது கட்டணத்தையும் வாங்கக்கூடாதென்றது. சுமார் பன்னிரண்டு வருஷம் வழக்காடியவருக்கு இது அற்பத் தொகை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால், ஒருவர் உடம்பின் மேல் அவருக்கே அதிகாரம் என்ற நியாயத்தின் மதிப்பு அத்தொகையில் அடங்கியதல்ல.

புருஷன் கையெழுத்தில்லாமல் பெண்ணுக்கு ஒன்றும் செய்யக்கூடாதென்று நம்புகிறவர்கள் 1971-ம் வருஷத்திய கருக்கலைப்புச் சட்டத்தைப் பார்க்கட்டும். அதிலேயே வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே கேட்கப்பட்டிருக்கிறது. புருஷன் சம்மதம் கேட்கப்படவில்லை.

ஆகவே தோழர்களே, கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: நோய் என்ன? செய்யப்போவது என்ன? வேறு வழியுண்டா? ஆபத்து என்ன? செய்யாவிட்டால் என்ன ஆகும்? இவற்றை நோயாளிக்கு விளங்கச் சொல்வது டாக்டர் காட்டும் தயவல்ல. அவருடைய கடமையென்று அதே தீர்ப்பு சொல்லுகிறது. காகிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

மோசம் நேர்ந்தால் தலைவிதியென்று உட்கார்ந்துவிட வேண்டாம். பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சைக்கு நுகர்வோர் சட்டம் செல்லுமென்று 1995 நவம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் முடிவு செய்துவிட்டது. திருவண்ணாமலையிலேயே ஜில்லா நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. இரண்டு வருஷத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். வக்கீல் இல்லாமலும் வழக்காடலாம். எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் சர்க்கார் ஆஸ்பத்திரியானால், சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்.

ஒரு முழ நிலத்தை விற்கப் பத்திரத்தைப் பத்துப் பேரிடம் படிக்கச் சொல்லிக் கேட்கிறோம். சொந்த உடம்பை ஒப்படைக்கும் பத்திரத்தை மாத்திரம் படியாமல் கொடுப்பானேன்?