பதினாறு அங்குலம்



போன மாதம் சமயநல்லூரில் அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு கண் பரிசோதனை நடத்தினேன். அதற்கு எனக்குத் தகுதி ஏதும் கிடையாது. கையில் செல்போன் இருந்தது.

அத்தை ஊசியில் நூல் கோக்கப் போராடிக்கொண்டிருந்தார். நுனியை எச்சில் தொட்டு முறுக்குவார். ஊசியை வெளிச்சத்துக்கு நீட்டிப் பிடிப்பார். காதை நெருங்கியதும் நூல் விலகிப் போகும். “வெள்ளெழுத்து விழுந்து பத்து வருசமாச்சுய்யா. பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தா கோத்துக் குடுத்துரும்” என்றார்.

நாற்பதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க வளைந்து கொடுக்காமல் போகிறது. எழுத்து வெளுக்கிறது. எந்த மருத்துவப் பெயரையும்விட நம் சொல்தான் இதற்குப் பொருத்தம்.

போனில் பார்வையைச் சோதிக்கும் செயலியைத் திறந்தேன். மூன்று கால் உள்ள ஒரு வடிவம் வரும். கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் போன் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வம்பே அங்கேதான். வடிவம் சிறுக்கச் சிறுக்க அத்தையின் கை தானாக நீண்டது. கையைப் பிடித்து நிறுத்தினால் கழுத்து பின்னால் போனது! அந்தத் தூரத்தில் குறையில்லாத கண் படிக்கும் மிகச் சிறிய எழுத்தின் உயரம் ஏறக்குறைய 0.58 மில்லிமீட்டர், தூரம் கொஞ்சம் மாறினாலும் கணக்கு தப்பிவிடும். கடைசியில் அவருடைய தையல் டேப்பையே எடுத்துப் பதினாறு அங்குலம் அளந்து பிடித்துக்கொண்டேன். திரையில் வாசல் வெயில் பளபளக்க, உள்ளே போய் மறுபடி ஆரம்பித்தோம். நான்காவது வரிசையோடு நின்றுவிட்டார்.

உலக சுகாதார நிறுவனமே 2023-ல் இப்படி ஒரு இலவசச் செயலியை வெளியிட்டது. கிட்டத்துப் பார்வை சின்ன விஷயமில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்திருந்தது. நம் பக்கம் மல்லிகை கட்டும் விரல்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் போனை நம்பி நின்றுவிடக் கூடாது. வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும் கண் அழுத்த நோயும், சர்க்கரையால் விழித்திரையில் வரும் கோளாறும் அந்த மூன்று காலில் தெரியாது. மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதிக்க, தொலைவில் இருக்கும் மருத்துவர் கணினி வழியே பார்த்துச் சொல்கிறார். டிஜிட்டல் என்றால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நாற்பது தாண்டியவர்கள் ஒருமுறையாவது போய் வாருங்கள்.

அத்தை இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். போட்டதும் முதல் புகார் நம் மேல்தான்: சமையல் குறிப்பில் அளவுகளை எறும்பு சைஸில் அச்சடிக்கிறோமாம். அடுத்த இதழிலிருந்து அந்த எழுத்தைப் பெரிதாக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்