மிச்சத் திசுவை வீசாதீர்கள்

மலேசியாவில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் 50,000 பேரைத் தாண்டிவிட்டனர். மாற்றுறுப்புக்காகக் காத்திருப்போர் சுமார் 10,000 பேர். கோலாலம்பூர் மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது 1975இல். அரை நூற்றாண்டு ஆகியும் உறுப்பு தானம் இங்கே அரிதாகவே நடக்கிறது. அப்படிக் கிடைத்த ஒன்றையும் உடல் ஏற்க மறுத்தால், அந்த நோயாளி மறுபடி வாரம் மூன்று நாள், தலா நான்கு மணி நேரம் ஊசிக்குக் கை நீட்ட வேண்டியதுதான். 2007இல் தேசிய இருதயக் கழகத்தில் ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் உடல் முதல் இதயத்தை ஏற்காமல்போய், உடனடியாக இரண்டாவது பொருத்தப்பட்டதை நாடே பதைபதைப்போடு பார்த்தது. அந்த யோகம் எல்லோருக்கும் அமையாது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறினால், ஊசியால் அந்தச் சிறுநீரகத்தின் நூலிழை போன்ற திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் வகுத்து, அவ்வப்போது திருத்தப்படும் அளவுகோல்தான் இன்றும் வழக்கில் உள்ளது. அந்தக் கண்ணாடிச் சில்லில் நிணநீரணுக்கள் எல்லாம் ஒரே மாதிரி நீலப் புள்ளிகள். தாக்க வந்தது எது, தாக்குதலை அடக்க வந்தது எது என்று பிரிப்பது கடினம். பிகே வைரஸ் தொற்றும் பல வேளைகளில் இதே சாயலில்தான் தெரியும். உடல் எதிர்க்கிறது என்றால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். வைரஸ் என்றால் குறைக்க வேண்டும். கணிப்பு பிசகினால் சிறுநீரகமே போய்விடலாம்.

ஒற்றைச் செல் ஆய்வு இங்கேதான் கைகொடுக்கிறது. திசுவைத் தனித்தனிச் செல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எண்ணெயில் மிதக்கும் நுண்துளிக்குள் அடைத்து, குறியிட்டு, அதில் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று படிக்கிறார்கள். 2018இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், உடல் ஏற்க மறுத்த ஒரேயொரு சிறுநீரகத் திசுவில் 8,746 செல்களைப் படித்து 16 வகையாகப் பிரித்தார்கள். எது கொடுத்தவரின் செல், எது பெற்றவரின் செல் என்றுகூட இப்போது சொல்ல முடிகிறது. அன்றாடச் சிகிச்சைக்கு இது இன்னும் வரவில்லை என்பதும் உண்மை.

இதில் நமக்கென்ன? 2025இல் வெளியான ஆசிய நோயெதிர்ப்புப் பன்மை வரைபடம், நோயெதிர்ப்புச் செல்கள் இனத்துக்கு இனம் வேறுபடுவதைக் காட்டியது. ஜப்பான், தென் கொரியா, தாய்லாந்து, இந்தியா, சிங்கப்பூரைச் சேர்ந்த 619 பேரின் இரத்தத்தைப் படித்த ஆய்வு அது. மலாய்க்காரரும் இந்தியரும் உண்டு; ஆனால் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கத்தவர். மலேசியா இல்லை. ஒரே வார்டில் மூவினத்தாரும் படுத்திருக்கும் நாட்டுக்கு இது அழகல்ல.

முதலில் தானம் பெருகட்டும், இந்த ஆடம்பரம் பிறகு என்பார்கள். உறுப்பு அரிது என்பதால்தானே கிடைத்ததைக் காப்பாற்றும் வழியைத் தேட வேண்டும்? விலையுயர்ந்த கருவியை இன்றே வாங்கச் சொல்லவில்லை. உறைந்த திசுவிலிருந்து செல்லின் உட்கருவைப் பிரித்துப் பின்னாளிலும் படிக்கலாம். இப்போதைக்குத் தேவை மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியும் நோயாளியின் ஒப்புதலும். இதற்கென்று கூடுதலாக ஒரு குத்து கூடாது. இரத்தக் கசிவு ஆபத்து. நோயறியப் போதுமானதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடனே உறையவைத்தால் போதும்.

மேருவை அடுத்த செத்தியா ஆலாமில் சுகாதார அமைச்சின் ஆராய்ச்சி வளாகம் இருக்கிறது. 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அங்கேதான். மாற்று அறுவைக்கான திசுப் பொருத்தச் சோதனையில் கைதேர்ந்த அந்தக் கழகத்திடமே இச்சேமிப்பை ஒப்படைக்கலாம். ஒப்புதல் படிவம் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் இருக்க வேண்டும். மாதிரியும் தரவும் நாட்டைவிட்டுப் போகக் கூடாது. கோலாலம்பூர் மருத்துவமனைக்கும் மற்ற மாற்று அறுவை மையங்களுக்கும் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். தாமதிக்காமல் அனுப்ப வேண்டும்.