குதிரைத்திறனைப் பார்த்துக் கேம்ஷாப்ட் வாங்கலாமா?



இலக்கணமும் வகுப்பறைச் செய்திகளும் எழுதிவரும் இப்பக்கத்தில் திடீரென உந்துப்பொறியைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் வியக்கக்கூடும். பழைய மகிழுந்துகளின்பால் எனக்குள்ள ஈடுபாடு நண்பர்கள் அறிந்ததே! ஆயினும், இதனை எழுதத் தூண்டியது அந்த ஈடுபாடு மட்டுமன்று. நம் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளில் பணியாற்றுகின்றனர். அங்கே அவர்கள் முன்வைக்கப்படும் கேள்விகளுள் ஒன்றைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. அதனை ஒளிக்காமல் கூற விழைகிறேன்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து போர்ஷே நிறுவனம் 1964 முதல் 1998 வரை, நீரால் அன்றிக் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்படும் ஆறு சிலிண்டர் பொறியைத் தன் 911 மகிழுந்துகளில் பொருத்தி வந்தது. இப்பழைய பொறிகளைச் செப்பனிடும்போது, நிறுவனம் பொருத்திய கேம்ஷாப்டை எடுத்துவிட்டு வெளியார் செய்து விற்கும் கேம்ஷாப்டைப் பொருத்துவோர் உலகெங்கும் உள்ளனர். ஜெர்மனியின் ஷ்ரிக், கலிபோர்னியாவின் வெப்கேம் போன்றோர் இத்தொழிலில் பெயர்பெற்றவர்கள். அவர்தம் விலைப்பட்டியலில் பல வகைகள் காணக்கிடைக்கும். எதனைத் தேர்வது?

என் கருத்து இதுதான். மகிழுந்து நாள்தோறும் எந்தச் சாலையில், எந்தச் சுழற்சி வேகத்தில் ஓடுமோ, அதற்குரிய தண்டைத் தேர்வு செய்ய வேண்டும். இரண்டில் எது என்று ஐயம் எழுந்தால் மிதமானதை எடுக்க வேண்டும். உச்சக் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டு வாங்குவது பணத்தையும் பொறியையும் ஒருசேரக் கெடுக்கும் வழி.

காரணத்தை விளக்குமுன் அடிப்படையைச் சற்றுக் கூறிவிடுகிறேன். இந்தப் பொறியின் சிலிண்டர் ஒவ்வொன்றிலும் இரண்டு வால்வுகள். ஒன்று காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உள்ளே விடும். மற்றொன்று எரிந்த புகையை வெளியேற்றும். இவற்றை உரிய நொடியில் திறப்பதே கேம்ஷாப்டின் வேலை. நீண்ட தண்டு; அதன்மேல் முட்டை வடிவ மேடுகள். தண்டு சுழலும்போது மேடு ராக்கரை உயர்த்தும். ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும். 911 பொறியில் பக்கத்திற்கு மூன்று சிலிண்டர்கள், பக்கத்திற்கு ஒரு தண்டு. ஆக, இரண்டு தண்டுகள், 12 வால்வுகள். கிராங்க்ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம்ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். நிமிடத்திற்கு 6,000 சுழற்சியில் பொறி ஓடினால் ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடியில் 50 முறை திறந்து மூடும். எண்ணிப் பாருங்கள்!

மேட்டின் வடிவத்தை மாற்றினால் பொறியின் இயல்பே மாறிவிடும். வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது ஓர் அளவு. எத்தனை பாகைகள் திறந்திருக்கிறது என்பது மற்றோர் அளவு. மூன்றாவதுதான் பலர் கவனிக்கத் தவறுவது. புகை வெளியேறி முடியுமுன்பே கலவை வால்வு திறக்கத் தொடங்கும். சிறிது நேரம் இரண்டுமே திறந்திருக்கும். இதனை 'ஓவர்லேப்' என்பர்.

இரண்டு வேளையும் நடைபெறும் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. காலைப்பள்ளி மாணவர் வெளியேறும் அதே நேரத்தில் மாலைப்பள்ளி மாணவர் உள்ளே வருவர். எல்லாரும் விரைந்து நடந்தால் ஒரு கூட்டம் செல்லும் வேகத்திலேயே மறு கூட்டம் உள்ளே புகுந்துவிடும். மெல்ல நடந்தாலோ வாயிலில் ஒரே கலப்பு! பொறியிலும் அப்படித்தான். மிகுந்த சுழற்சியில் வெளியேறும் புகையின் வேகம் புதிய கலவையை உள்ளே இழுக்கும். குறைந்த சுழற்சியில் புகை திரும்பிக் கலவையோடு கலந்துவிடும். நின்றவாறு ஓடும்போது பொறி குலுங்கும். முடுக்கியை மிதித்தால் தயங்கும். கலவை வால்வு தாமதமாக மூடினாலும் இதே நிலைதான். விரைவில் ஓடும்போது கலவை தன் வேகத்தால் மேலும் உள்ளே நிரம்பும்; மெதுவாக ஓடும்போது மேலேறும் பிஸ்டன் அதனைத் திருப்பித் தள்ளிவிடும்.

ஆக, முரட்டுத் தண்டு புதிய ஆற்றலைப் படைத்துத் தருவதைவிட, இருக்கும் ஆற்றலை மேல்சுழற்சிக்கு நகர்த்துவதே மிகுதி. இதற்குப் போர்ஷே நிறுவனத்தின் கணக்கே சான்று. 1972, 1973ஆம் ஆண்டு மாதிரிகளில் 2.4 லிட்டர் பொறி மூன்று வகையாக விற்கப்பட்டது. டி வகை 5,600 சுழற்சியில் 130 குதிரைத்திறன். இ வகை 6,200 சுழற்சியில் 165. எஸ் வகை 6,500 சுழற்சியில் 190. மூன்றுக்கும் கொள்ளளவு ஒன்றே. முறுக்குவிசையைப் பாருங்கள்: டி வகையில் 196 நியூட்டன் மீட்டர், எஸ் வகையில் 216. அதாவது, குதிரைத்திறன் ஏறக்குறைய 46 விழுக்காடு கூடியிருக்க, முறுக்குவிசை 10 விழுக்காடுதான் கூடியுள்ளது! அந்த உச்சமும் டி வகையில் 4,000 சுழற்சியிலேயே கிட்டிவிடும்; எஸ் வகையில் 5,200 வரை காத்திருக்க வேண்டும். கேம்ஷாப்ட் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறமாட்டேன். அமுக்க விகிதமும் எரிபொருள் ஊட்டும் முறையும் அவற்றில் வேறுபட்டன. ஆனால், உண்மையும் அதில்தான் இருக்கிறது. தண்டை மட்டும் தனியே மாற்றி எஸ் வகையின் பயனைப் பெற முடியாது. மற்றவை எல்லாம் உடன் மாற வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைக் கணக்கு. 911 எஸ்சி மகிழுந்து ஐந்தாம் கியரில், நம் நெடுஞ்சாலையின் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பொறி ஏறக்குறைய 3,000 சுழற்சியில்தான் ஓடும். நகர நெரிசலில் அதைவிடக் குறைவு. 5,000 சுழற்சிக்கு மேல் விழித்தெழும் தண்டு அங்கே என்ன செய்யும்? உறங்கும். இதற்கா இத்தனை ஆயிரம் ரிங்கிட்?

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே வந்த 911 எஸ்சியின் உரிமையாளர், பந்தயத் தண்டுதான் வேண்டும் என்று பட்டியலில் கோடிட்டுக் கொண்டுவந்தாராம். 'சார், பொருத்தினால் கெடும். பொருத்தமாட்டேன் என்றால் வேலை கைநழுவும். நான் என்ன சொல்வது?' என்று அவர் என்னிடம் கேட்டார். பட்டறைத் தொழிலாளியின் சொல்லுக்கு நம்மவரிடையே மதிப்புக் குறைவு என்பது பழைய வருத்தம். கையில் எண்ணெய்க்கறை படிந்தவன் பேசுவது அறிவாகாது என்று நினைப்போர் இன்னும் உள்ளனர். அந்த மாணவரோ அன்று பேசியது கலப்பற்ற இயற்பியல்.

எஸ்சி 1978 முதல் 1983 வரையிலான மாதிரி. 3 லிட்டர் பொறி. அதற்கு எரிபொருளை அளந்து ஊட்டுவது போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக். உள்ளே வரும் காற்று ஒரு வட்டத்தட்டை உயர்த்தும். தட்டு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு எரிபொருள் செல்லும். ஓவர்லேப் மிகுந்த தண்டைப் பொருத்தினால் திரும்பி வரும் காற்றலைகள் அந்தத் தட்டை ஆட்டிவைக்கும். அளவு தவறும்; பொறி திணறும். தடைமிதிக்குத் துணைநிற்கும் வெற்றிடமும் குறைந்துபோகும். கார்புரேட்டர் அல்லது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாய் கொண்ட ஊட்டுமுறைக்கு மாறாமல் பந்தயத் தண்டைப் பற்றிப் பேசுவதே வீண். ஊட்டுமுறையை மாற்ற விரும்பாத எஸ்சி உரிமையாளர்கள், 1989இல் வந்த 964 மாதிரியின் தண்டு வடிவத்தைத் தேர்வது பரவலான வழக்கம். பட்டியலில் அது மிகச் சாதாரணமாகத் தோன்றும். எனக்கு அதுவே சரியான தேர்வாகப் படுகிறது. மாணவரிடமும் அதனையே கூறினேன். இரண்டுக்கும் தனித்தனி விலைக்குறிப்பு எழுதி, பந்தயத் தண்டின் குறிப்பில் புதிய ஊட்டுமுறை, பிஸ்டன், வால்வுச் சுருள் அனைத்தின் விலையையும் சேர்த்துக் காட்டுமாறு சொன்னேன். உரிமையாளரோடு வாதிடுவதைவிட அந்தத் தாள் தெளிவாகப் பேசும்.

'விளையாட்டு மகிழுந்து என்றாலே மிகுந்த சுழற்சியில் ஓடுவதற்குத்தானே?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். எஸ் வகைப் பொறி 5,000 சுழற்சியைக் கடக்கும்போது எழும் ஒலியைக் கேட்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள், நானும் மறக்கவில்லை. 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள சிப்பாங் ஓடுதளத்தில் மட்டுமே ஓடப்போகும் மகிழுந்துக்கு முரட்டுத் தண்டு முற்றிலும் பொருந்தும். அங்கே யாரும் 2,500 சுழற்சியில் ஓட்டுவதில்லை. கொள்ளளவு கூடினால் அதே தண்டு சாந்தமாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டின் கரேரா ஆர்எஸ் 2.7 லிட்டர் பொறியில் எஸ் வகைத் தண்டுதான் இருந்தது. 6,300 சுழற்சியில் 210 குதிரைத்திறன். 2 லிட்டரில் முரடாக இருந்த தண்டு 2.7 லிட்டரில் இணக்கமாயிற்று. ஆகவே, 'நல்ல தண்டு எது?' என்னும் கேள்விக்குத் தனித்த விடை இல்லை. எந்தப் பொறிக்கு, எந்தச் சாலைக்கு என்பதைச் சொன்னால்தான் விடை உண்டு.

நாம் ஏன் எண்ணுக்கு மயங்குகிறோம்? பெற்றோர்கள் பொறுத்தருள்க. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. 'எத்தனை ஏ?' என்னும் கேள்வி மட்டும் நின்றபாடில்லை. சரி, தண்டுக்கே திரும்புவோம்.

பட்டியலிலுள்ள பாகைகளை ஒப்பிடும்போது ஒரு பொறி வைக்கப்பட்டிருக்கும்; விழுந்துவிடாதீர். வால்வு எவ்வளவு உயர்ந்த பிறகு அளக்கத் தொடங்குகிறார்கள் என்பதில் ஒருவர்க்கொருவர் வேறுபடுவர். ஐரோப்பியர் பலர் ஒரு மில்லிமீட்டர் உயர்விலிருந்து அளப்பர். அமெரிக்கர் 0.050 அங்குலத்திலிருந்து, அதாவது 1.27 மில்லிமீட்டரிலிருந்து அளப்பர். வேறு சிலர் வால்வு அசையத் தொடங்கும் கணத்திலிருந்தே எண்ணிப் பெரிய எண்ணைக் காட்டுவர். ஒரே தண்டுக்கு மூன்று விடை! ஆறாம் ஆண்டுக் கணித ஆசிரியர்கள் கோணத்தைக் கற்பிக்கும்போது இதனை எடுத்துக்காட்டலாம். தொடக்கப்புள்ளி ஒன்றாக இல்லாத இரண்டு அளவுகளை ஒப்பிடலாகாது என்பதைப் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்வர்.

தேர்வு முடிந்தாலும் வேலை முடிவதில்லை. தண்டின் மேடு உயர்ந்தால் வால்வு பிஸ்டனை நெருங்கும். பிஸ்டனின் தலையில் களிமண் வைத்துப் பொறியைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பதிந்த களிமண்ணின் தடிப்பை அளந்து இடைவெளியைக் காண்பர். ஆம், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நம் வகுப்பறையில் பாம்பும் பழமும் உருட்டும் அதே வண்ணக் களிமண்தான்! நேரத்தைப் பொருத்துவதற்கு முதலில் வால்வு இடைவெளியை 0.1 மில்லிமீட்டராக வைப்பர். பின்பு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கலவை வால்வு எத்தனை மில்லிமீட்டர் திறந்துள்ளது என்பதைக் கடிகார அளவியால் அளப்பர். தண்டைச் செய்தவர் தரும் சீட்டில் இந்த எண் இருக்க வேண்டும். சீட்டுத் தராதவரிடம் வாங்க வேண்டாம் என்பேன்.

ராக்கர்களும் புதுப்பிக்கப்பட வேண்டும். 911 பொறியில் ராக்கர் மேட்டின்மீது வழுக்கியே செல்கிறது, உருளை கிடையாது. தேய்ந்த ராக்கரைப் புதிய தண்டின்மேல் வைப்பது அரம் கொண்டு அராவுவதற்கு ஒப்பாகும். எண்ணெயும் முக்கியம். புகைத்தூய்மிக்கு ஊறு நேராமல் காக்கும்பொருட்டு இக்காலத்து எண்ணெய்கள் பலவற்றில் துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட காப்புப்பொருள் குறைக்கப்பட்டுள்ளது. பழைய பொறிக்கு அது போதிய அளவில் உள்ள எண்ணெயைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய தண்டு பதமாகும் முதல் ஓட்டத்தில் இது இன்னும் இன்றியமையாதது.

கழற்றிய பழைய தண்டுகளைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிடும் பட்டறைகளும் உண்டு. அவற்றுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, இடப்பக்கம் வலப்பக்கம் என்று சீட்டெழுதிக் கட்டி, உரிமையாளரிடமே கொடுத்துவிட வேண்டும். பின்னாளில் மகிழுந்தை வாங்க வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.