க்னூட்டுக்கு வந்த வலிப்பு

பெர்லின் மிருகக்காட்சிசாலையில் க்னூட் என்றொரு பனிக்கரடி இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? 2006 டிசம்பரில் பிறந்தது. தாய்க்கரடி ஒதுக்கிவிட, பராமரிப்பாளர் தாமஸ் டோர்ஃப்லைன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். உலகமே கொஞ்சிய குட்டி. 2011 மார்ச் 19 அன்று, கூட்டம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து, குளத்தில் விழுந்து மூழ்கிச் செத்துப்போனது. வயது நாலுதான்.

மூளையில் வீக்கம் இருந்தது தெரிந்தது. ஆனால் எந்தக் கிருமி? எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. 2015-ல்தான் விடை வந்தது. கிருமியே காரணமில்லை. கிருமியை அடிக்க உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகளே க்னூட்டின் மூளையைத் தாக்கியிருந்தன. அதுவரை மனிதர்களிடம் மட்டுமே தெரிந்திருந்த நோய் இது.

மனிதர்களிடம் இதைக் கண்டுபிடித்து 2007-ல் விவரித்தவர்கள் டாக்டர் ஜோசப் டால்மாவும் அவர் குழுவினரும். பெயர், 'ஆன்டி என்.எம்.டி.ஏ. ரிசப்டார் என்செஃபலைட்டிஸ்'. வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள், அறிகுறிகள்தான் முக்கியம். பெரும்பாலும் இளம்பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருகிறது. முதலில் லேசான காய்ச்சல், தலைவலி. பிறகு தூக்கம் போய்விடும். பேச்சு குழறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆளே மாறிவிடுவார். 'மனசு சரியில்லை' என்று ஒரு பக்கம், 'காத்து கருப்பு' என்று இன்னொரு பக்கம் அலைந்துகொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிடும். சிலருக்கு அது லேசில் நிற்காது.

சாதாரண வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கும். 5 நிமிடத்தைத் தாண்டினால் அது அவசரநிலை. அரை மணி நேரம் நீடித்தால் மூளையே சேதமாகலாம்.

இந்த நோயில் வலிப்பு மாத்திரை மட்டும் போதாது. தவறாகத் தாக்கும் எதிர்ப்பு சக்தியை அடக்க வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. சில பெண்களுக்கு சினைப்பையில் உள்ள கட்டிதான் தூண்டுதல். அதை அகற்றினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நிம்மதியாகிவிடக் கூடாது. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதித்தால்தான் பிடிபடும். குணமாக மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் எட்டு பேர் வரை இரண்டு வருடத்துக்குள் நன்றாகத் தேறுகிறார்கள். சீக்கிரம் தொடங்கினால் வாய்ப்பு இன்னும் கூடும்.

கண்ணெதிரே யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள், இரும்பு எந்த வலிப்பையும் நிறுத்தியதில்லை. வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கை காலை அமுக்கவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். 5 நிமிடம் ஆகிவிட்டாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ உடனே 108.

கூட இருக்கும் இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும். 'ஒரு வாரமாகவே இவள் இவளாக இல்லை, டாக்டர்' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவர் இந்த நோயைச் சந்தேகிப்பதே பல நேரம் அந்த ஒரு வரியில்தான்.