எங்களுக்கு பாஸ் வேண்டாமாம்!

எங்களுக்கு பாஸ் வேண்டாமாம். 2025 நவம்பர் 4-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட கடல் மீன்பிடி விதிகளைப் படித்துவிட்டு ஊர்ப் பிள்ளைகள் வந்து முதலில் சொன்னது இதைத்தான். “கவலைப்படாதீங்க மாமா, வள்ளக்காரனுக்கு விலக்கு உண்டு.”

சந்தோஷம். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை என்று நீளும் நெல்லைக் கரையில் பெரிய ஆலை முதலாளிகளா இருக்கிறோம்? பைபர் வள்ளமும் வெளிமோட்டாரும்தான் எங்கள் சொத்து. எங்களிடம் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை, நன்றி. ஆனால் ஐயாமாரே, உங்கள் விதியில் எங்களைப் பற்றி இருக்கும் ஒரே சேதி இந்த விலக்கு மட்டும்தானா?

விதி என்ன சொல்கிறது? விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் கரையிலிருந்து 12 கடல் மைலைத் தாண்டி, 200 மைல் வரை உள்ள தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன் பிடிக்க இணையதளத்தில் பதிந்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கட்டணம் இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை. வெளிநாட்டுக் கப்பலுக்கு இடமில்லை. எல்.இ.டி. விளக்கு போட்டு மீனை மயக்கக் கூடாது, இரட்டைமடி இழுக்கக் கூடாது. இத்தனை அளவுக்குக் கீழே உள்ள குஞ்சு மீனைப் பிடிக்கக் கூடாது என்று அளவும் வரப்போகிறது. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. இரட்டைமடியை நிறுத்தச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தியவர்கள் நாங்கள்தான்.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. தாய்க்கப்பல். நடுக்கடலில் அது நிற்கும். சின்னப் படகுகள் பிடித்து வந்து அதில் மீனை மாற்றி ஏற்றிவிட்டுத் திரும்பவும் பிடிக்கப் போகும். அந்தமான், லட்சத்தீவுக் கடலை மனதில் வைத்துத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். நாட்டின் மொத்த மண்டலத்தில் 49 சதவீதம் அந்த இரண்டு தீவுக் கூட்டங்களைச் சுற்றித்தான் கிடக்கிறதாம். அங்கே சூரை மீன் பிடிபடாமல் கிடக்கிறதாம்.

பிடிபடாமல் கிடக்கிறதா? ஓடுகிற மீனய்யா அது! சூரையும் சீலாவும் (வஞ்சிரம்) பாரையும் தளப்பத்தும் ஓர் இடத்தில் கிடக்கிற சங்கா, சிப்பியா? தண்ணீரின் சூடு பார்த்து, இரை பார்த்து, நீரோட்டம் பார்த்துக் கடல் கடலாய்ப் போய்வரும் சாதி. வெளிக்கடலில் வளர்ந்து, சாளைக் கூட்டத்தையும் நெத்தலியையும் துரத்திக்கொண்டு கரைப்பக்கம் வரும்போதுதான் எங்கள் வழிவலையில் நாலு விழும். பந்தியில் கடைசி இலை எங்களுடையது. முன் இலைகளில் எவ்வளவு பரிமாறலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், கடைசி இலைக்கு இவ்வளவாவது மிஞ்ச வேண்டும் என்று ஒரு வரி எழுதினார்களா? நான் தேடிப் பார்த்தேன். இல்லை.

எழுதிய வரிகளுக்கே காவல் இல்லை என்பது வேறு கதை. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர், பாரம்பரிய மீனவனுக்கு என்று எழுதினார்கள். விசைப்படகு காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும் என்றார்கள். நெல்லைக் கரையில் எங்களுக்கென்று விசைப்படகு கிடையாது. ஆனால் பக்கத்து மாவட்டங்களின் விசைப்படகுகள் எங்கள் கரையை ஒட்டி மடி இழுத்துப் போகாத பருவம் உண்டா? எத்தனை முறை கடலில் மறித்தோம், எத்தனை முறை சாலையில் உட்கார்ந்தோம், எத்தனை முறை சமாதானக் கூட்டத்தில் டீ குடித்துவிட்டு வந்தோம்!

ஒரு ராத்திரி எங்கள் வீட்டு வழிவலையை ஒரு மடிப்படகு அறுத்துக்கொண்டு போனது. கடன் வாங்கிப் போட்ட வலை. மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். “படகு நம்பர் என்ன?” என்று கேட்டார்கள். இருட்டில், அலையில், விளக்கை அணைத்துவிட்டு ஓடுகிற படகின் நம்பரை நான் எப்படிப் படிக்க? நம்பர் இல்லாமல் மனு வாங்க முடியாது என்றார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார், “லே மக்கா, நம்ம வலைக்கும் ஒரு நம்பர் இருந்திருந்தா அது நம்பரப் படிச்சிட்டு அறுத்திருக்கும்.” சிரிக்க முடியவில்லை.

மூன்று மைலைக் காக்க முடியாத கைகள் இருநூறு மைலைக் காக்கப் போகின்றனவாம். நம்புகிறோம்.

குமரி முனையில் நடக்கும் கூத்தைக் கேளுங்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் சந்திக்கிற இடம் கன்னியாகுமரி. நாங்கள் அதற்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில். மே மாதம் எங்கள் பக்கம் மடிப்படகு நின்றிருக்க, முனையைச் சுற்றி மேற்கே போன மீனை அங்கே இழுக்கிறார்கள். ஜூலையில் அங்கே நிற்க, கிழக்கே வந்த மீனை இங்கே இழுக்கிறார்கள். முட்டை சுமந்து முனையைக் கடக்கும் மீனுக்கு முழுசாக ஓய்வு கிடைப்பது ஜூன் முதல் இரண்டு வாரம்தான். ஓடுகிற மீனுக்குத் தரையின் வரைபடத்தை வைத்துத் தடை போட்டால் இப்படித்தான் ஆகும். விதியைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் புதுப்பித்திருக்க வேண்டியது இதைத்தான். தொடவே இல்லை.

சுருக்குமடி விஷயம் அதைவிட வேதனை. தமிழ்நாடு தடை செய்த வலை அது. ஒரு கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி, குஞ்சும் குட்டியுமாக அள்ளுகிற வலை. 2023 ஜனவரி 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் 12 மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை போடலாம் என்றது. வாரத்தில் இரண்டு நாள்தானே என்பார்கள். சாளைக் கூட்டம் செவ்வாய்க்கிழமை வரை காத்திருந்து உள்ளே வருமா?

எங்கள் தலைமுறைக்கு இந்த விதிமாற்றங்கள் புதிதல்ல. 1991-இல் புதிய ஆழ்கடல் கொள்கை என்று வெளிநாட்டுக் கூட்டுக் கப்பல்களைக் கூப்பிட்டார்கள். மீனவர் தலைவர் தாமஸ் கோச்சேரி போன்றவர்கள் பட்டினி கிடந்தார்கள், நாடு முழுக்க மீனவன் தொழிலுக்குப் போகாமல் கரையில் நின்றான். அப்புறம் அரசு அமைத்த முராரி குழு வந்தது, அந்த உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது, அரசும் 1997-இல் ஏற்றது. ஐந்து வருஷம் தாண்டவில்லை. 2002-இல் வேறு பெயரில், இந்தியக் கம்பெனி பேரில் அந்நியக் கப்பல் வர வழி திறந்தார்கள். 2014-இல் ஆழ்கடல் மீன்பிடி பற்றி மீனாகுமாரி குழு அறிக்கை, அதற்கு ஒரு போராட்டம். 2017-இல், 2002-இல் வழி திறந்த அந்தக் கப்பல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2021-இல் கடல் மீன்வள மசோதா, அதற்கு ஒரு போராட்டம். எங்கள் அப்பாக்கள் போராடினார்கள், நாங்கள் போராடினோம், இப்போது பிள்ளைகள் கைபேசியில் விதி படிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றுதான்: ஆழ்கடலில் மீன் வீணாகிறது.

தாமிரபரணியைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள், கவனித்தீர்களா? பொதிகையில் பிறந்து எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி, கடைசியாக ஸ்ரீவைகுண்டத்தில் மிஞ்சும் நீர் புன்னைக்காயலில் கடலைச் சேர்ந்தால், ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று தலைப்புச் செய்தி. அந்த நீர் கொண்டுவரும் வண்டலையும் சத்தையும் நம்பித்தான் கழிமுகத்தில் இறால் குஞ்சு வளர்கிறது, நெத்தலியும் சாளையும் கூடுகின்றன, அவற்றைத் தின்னச் சீலா வருகிறது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நீங்கள் கிலோ விலை கேட்டு முகம் சுளிக்கிற சீலாவில் உங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரும் இருக்கிறது, அக்கா. ஆற்றில் தண்ணீர் விடாமல் கடலில் மீன் எங்கே என்று கேட்பதில் என்ன நியாயம்? இந்தப் புது விதிப்படி மீன்வள மேலாண்மைத் திட்டம் எழுதப்போகிறவர்கள் அதில் ஆற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்களா?

இப்போது என் நெஞ்சில் எரிகிற விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. செஷல்ஸ் தீவில் தலைமையகம். இந்தியாவும் உறுப்பு நாடு. அந்த ஆணையத்தின் பொறுப்பில் இருக்கும் மீன்கள் 16 வகை. மஞ்சள்துடுப்புக் கேரை போன்ற பெரிய சூரைகள் மட்டுமல்ல, எங்கள் வள்ளத்தில் ஏறும் சின்னச் சூரையும் சீலாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சீலாவை அளவுக்கு மீறிப் பிடிக்கிறோம் என்று அதன் அறிவியல் குழு எச்சரித்தும் இருக்கிறது. எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று அந்த மேசையில் பல வருஷமாகச் சண்டை நடக்கிறது. தூரத்திலிருந்து கப்பல் அனுப்பிப் பிடிக்கும் ஐரோப்பியர், இதுவரை எங்கள் கொடிக் கப்பல் பிடித்த மீனின் கணக்குப்படி பங்கு வேண்டும் என்கிறார்கள். கரையோர நாடுகளோ, எங்கள் கடலில் பிடித்த மீன் எங்கள் கணக்கு, எங்கள் ஏழை மீனவனுக்கு முதல் உரிமை என்கின்றன. 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில், மிதவை போட்டுச் சூரைக் குஞ்சை அள்ளுவதை வருஷத்தில் 72 நாள் நிறுத்தலாம் என்று வாக்கெடுத்துத் தீர்மானம் போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபக் கடிதம் கொடுத்துவிட்டு நழுவிக்கொண்டது. கடிதம் எழுதினால் விதி உங்களைக் கட்டாது. நாடுகளுக்கு அந்தச் சலுகை உண்டு.

அந்த மேசையில் கரையோர நாடுகள் பேசுவது நியாயம். நூற்றுக்கு நூறு நியாயம். அதே நியாயத்தைத்தானே உவரிக்காரன் உங்களிடம் பேசுகிறான்? தூரத்துக் கப்பல் பெரியது என்பதற்காக அதற்குப் பெரிய பங்கு கூடாது, கரையில் இருப்பவனுக்கு முதல் உரிமை என்கிற பேச்சு செஷல்ஸில் செல்லும், சென்னையிலும் டெல்லியிலும் செல்லாதா?

விலக்கு எனக்கு ஏன் இனிக்கவில்லை என்றால், காரணம் இங்கே இருக்கிறது. நாளைக்குப் பங்கு பிரிக்கும்போது கணக்கில் இருப்பவனுக்குத்தான் கிடைக்கும். பாஸ் வாங்கிய படகு எங்கே போனது, எத்தனை டன் பிடித்தது என்று கணினியில் ஏறும். எங்கள் மீன்? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கரைகளில் மாதிரி எடுத்து மதிப்பிடுகிறார்கள், அது நல்ல வேலைதான். ஆனால் அது மொத்தக் கணக்கு. இந்த ஊர் இத்தனை தலைமுறையாக இத்தனை சீலா பிடித்தது என்று காட்ட எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஏலம் கூறியவர் குரல் காற்றோடு போயிற்று. எங்கள் பெண்கள் வள்ளியூருக்கும் திசையன்விளைக்கும் கூடை சுமந்து விற்ற மீனுக்கு யார் பில் போட்டார்கள்?

ஐயாமாரே, நாங்கள் கப்பல் கேட்கவில்லை. மானியத்தில் ஆழ்கடல் படகு கொடுத்து எங்களையும் கடனாளியாக்கி வெளிக்கடலுக்கு அனுப்புங்கள் என்றும் கேட்கவில்லை. குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்கள் அந்த ஆழத்துக்குப் போய் ஒக்கிப் புயலில் எத்தனை ஆண்களைக் கடலுக்குக் கொடுத்தார்கள் என்பது 2017 நவம்பரிலிருந்து எங்களுக்குத் தெரியும். மீன் தானாக எங்கள் கரைக்கு வரும். அதை வர விடுங்கள், அவ்வளவுதான்.

சீலாவுக்கும் சூரைக்கும் மேலாண்மைத் திட்டம் எழுதும் முதல் கூட்டத்தை உவரியிலோ இடிந்தகரையிலோ போடுங்கள். எங்கள் ஊர்க் கமிட்டியையும், மீன் விற்கும் பெண்களையும் உட்கார வையுங்கள். ஒவ்வொரு கரையிலும் ஏலக் கணக்கை எங்கள் பேரில் பதிவு செய்யுங்கள். கரைக்கு வந்து சேர வேண்டிய பங்கு இவ்வளவு என்று முதலில் எழுதி, மிச்சத்தை வெளிக்கடலுக்குப் பிரியுங்கள். குமரி முனையின் இரண்டு பக்கமும் தடைக்காலத்தை ஒரே நாளில் தொடங்குங்கள். இதெல்லாம் எழுத்தில் வரும்வரை எங்கள் தென்கடலில் ஒரு தாய்க்கப்பலும் நிற்கக் கூடாது.