கொள்ளு கொழுப்பைக் கரைக்காதுங்க

1/ "டாக்டர், தினமும் கொள்ளு ரசம் குடிக்கிறேன். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடலாமா?" இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கேக்காமலே நிறுத்திட்டு வர்றவங்கதான் எனக்குப் பெரிய பயம்.

2/ முதல்ல செடி. அவரைக் குடும்பம். தரையை ஒட்டிப் படரும். மூணு மூணா இலை, வெளிர் மஞ்சள் பூ. வேர் முடிச்சுல இருக்குற பாக்டீரியா காத்துல உள்ள நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்கும். அதனாலதான் வறண்ட மானாவாரி நிலத்துலயும் விதையில இவ்ளோ புரதம்.

3/ 100 கிராம் கொள்ளில் புரதம் சுமார் 22 கிராம். கொழுப்பு 1 கிராம்கூட இல்லை. இரும்புச்சத்து, கால்சியம், நார்ச்சத்து உண்டு. ஆனா மாவுச்சத்தும் சுமார் 57 கிராம் இருக்கு. அதை யாரும் சொல்றதில்லை.

4/ "கொழுத்தவனுக்குக் கொள்ளு" பொய்யா? இல்லை. புரதமும் நார்ச்சத்தும் வயித்தை நிறைக்கும், சோறு குறையும், எடை குறையும். அவ்வளவுதான். வழக்கமான சோத்துக்கு மேல கொள்ளும் சாப்பிட்டா எடை ஏறத்தான் செய்யும்.

5/ வேகவெச்ச தண்ணியை ரசமாக்கிட்டு கொள்ளை மாட்டுக்கு வெச்சா, புரதத்துல பெரும்பங்கு மாட்டுக்குத்தான். முளைகட்டி, சுண்டலா, மசியலா சாப்பிடுங்க.

6/ ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரல்ல கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்குது. அந்த வேலைக்குக் கொள்ளு மாற்று கிடையாது. மாரடைப்பு வந்தவங்க, ஸ்டென்ட் வெச்சவங்க தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவங்க, இதுல பொட்டாசியம் அதிகம், டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க.

7/ வீடியோ போடுறவர் உங்க ஈசிஜியைப் பார்க்கப் போறதில்லை.